முனிராஜுக்கு எதுவும் கொடுக்காதீர்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்தது. "கடைசியா என்ன சாப்ட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டார். பருத்த மனிதர் ஒருவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தத் திருட்டு முழியை விட்டுவர எனக்கு மனம் வரவில்லை.

2

பெங்களூர் ஜோகுபாளையத்து எலக்ட்ரீஷியன் முனிராஜ், நூற்று முப்பத்தெட்டு கிலோ, காலையில் தட்டு இட்லியைப் பிட்டு...

(அடித்துவிட்டேன். அவர் சாப்பிடக் கூடாது.)

அவருடைய கல்லீரலில் கொழுப்பு படிந்து, இப்போது தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது. சொட்டு மதுவும் தொடாதவர் என்றால் தெருவில் யாரும் நம்புவதில்லை. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்தால் எடை குறையும், கல்லீரலும் தேறும் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் பதினான்கு நாள், ஆஸ்பத்திரி கொடுத்த பவுடரைக் கரைத்துக் குடிப்பது மட்டும்தான் சாப்பாடு. இரைப்பையை மூடிக்கிடக்கும் கல்லீரல் கொஞ்சம் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. முனிராஜுக்குச் சாவு பயம் வந்துவிட்டது.

3

"ஊட்டா ஆயித்தா?" என்று, சாப்பாடு ஆச்சா எனக் கன்னடத்தில் கேட்டபடியே வந்த பக்கத்து வீட்டு லாயிட், பிரியாணி டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ லாயிட். வாசனையே ஆள கொல்லுது."

"உடம்பு சரியில்லாதவன பாக்க வெறுங்கையோட எப்படி வர்றது முனி? ரெண்டே பீஸ்தான்."

[பிரியாணியை அடித்து மாதுளம்பழம் என்று எழுதினேன். அதற்கும் தடை. ஹார்லிக்ஸ்? முனிராஜின் மனைவி மரகதம் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.]

"ஏன் சார், உங்க கதையில யாரும் சும்மா வரவே மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. வந்தவருக்கு ஒரு காப்பியாவது கொடுக்காமல் எனக்குப் பத்தி நகராது. மரகதம் என்னை நம்பாமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

4

முடிவு ஒன்று: ஆறு மாதம் கழித்து முனிராஜ் ஒல்லி லாயிட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு...

(முனிராஜே சிரித்துவிட்டார்.)

முடிவு இரண்டு: ஆபரேஷனில் கேமராவை வயிற்றுக்குள் விட்டுப் பார்த்த டாக்டர் தலையை...

(இதை எழுத மாட்டேன். அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.)

5

பன்னிரண்டாம் நாள். ஏழு கிலோ இறங்கியிருக்கிறது. பசியைக்கூட முனிராஜ் பொறுத்துக்கொண்டார். ஆள் வராத வீட்டைத்தான் தாங்க முடியவில்லை. மரகதம் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, தாழ்ப்பாளை அவரே நீக்கிவிட்டார்.

வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள்.

"வாங்க, வாங்க" என்கிறார். முகமெல்லாம் சந்தோஷம். கண் மட்டும் உங்கள் பைக்குப் போகிறது.

அதில் எதையும் நான் வைக்கவில்லை. நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?