சாயம் பூசிய கம்பு

காலையில் என் வீட்டுக்காரர் கிரில் கதவை வெளியே பூட்டுகிற ‘டொக்’ சத்தத்தோடு என் ஜெயில் வாழ்க்கை தொடங்கும். இனிப்புநீர் நோய் என் கண்ணைத் தின்றது, மிச்சத்தை இந்தப் பூட்டு தின்றது. ரந்தாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிற என் புருஷன் தர்மேந்திரனுக்கு என்மேல் அவ்வளவு பாசம். பாசமாம், பாசம்!

சனிக்கிழமைகளில் சிரம்பானிலிருந்து நீலாவதி டீச்சர் வந்து எனக்குக் கம்பு பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்தார். அப்போது மட்டும் கதவு திறக்கும். லோங்காங் சாக்கடை எங்கே, மேடு எங்கே என்று காலுக்கு முன்னால் கம்பு சொல்லிவிடும். மாரியம்மா கடைக்குத் தனியாகப் போய் ஒரு கட்டு கீரை வாங்கி வந்தால் பாடம் முடிந்தது என்றார். எனக்கும் அது ஒன்றுதான் வேண்டும்.

முதல் நாள் கம்பைப் பார்த்ததும் இவர் குதித்தார்.

“பொட்டு வெச்ச பொம்பள வெள்ளைக் கம்பு புடிக்கிறதா? நான் உசுரோடதான இருக்கேன்?”

“அண்ணே, வெள்ளையா இருந்தாத்தான் லோரிக்காரன் பாத்து நிப்பாட்டுவான்,” என்றார் டீச்சர்.

“நானே லோரிக்காரன்தான்லா. எனக்குத் தெரியாதா?”

சில வாரம் பொறுத்தவர், ஒரு சனிக்கிழமை டீச்சர் போனதும், கேட்டுக்கு அடித்து மிஞ்சிய தவிட்டு நிறச் சாயத்தைக் கம்பு முழுக்கப் பூசிவிட்டார். சண்டை போட்டால் கம்பையே ஒளித்துவிடுவார் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒருநாள் காலையில் ‘டொக்’ கேட்கவில்லை. அவசரத்தில் பூட்டை அழுத்தாமல் போய்விட்டார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தோட்டத்து வளைவில் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறியது. எந்தப் பக்கம் ஒதுங்குவது? நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பிரேக் கிறீச்சிட்டது, இஞ்சின் சூடு முதுகில் அடித்தது.

“சனியனே, கண்ணு தெரியல?”

தெரிந்த குரல்தான்.

“தெரியலங்க. உங்களுக்குமா?” என்று திரும்பினேன்.

இறங்கி ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

“குமுதா... கம்பப் பாத்து மாடு ஓட்டுற பொம்பளன்னு நெனச்சேன். ஹாரன் அடிச்சா ஒதுங்கிரும்னு...”

அன்று கீரை வாங்கவில்லை. லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சாயங்காலம் வீடெல்லாம் சாயம் கரைக்கிற தின்னர் நாற்றம். துணியால் கம்பைத் தேய் தேய் என்று தேய்த்தார். இடையிடையே மூக்கை உறிஞ்சினார். பாவமாக இருந்தது எனக்கு. “சுத்தமா வெள்ளையாயிருச்சு குமுதா,” என்று கம்பைக் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலையில், ‘டொக்’.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வெறி! கம்பாலேயே கிரில்லை அடித்தேன். வரிசை வீடே அதிர்ந்தது. ஸ்டார்ட் செய்த மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

“என்னா குமுதா, அக்கம்பக்கம் பாக்குது!”

“பாக்கட்டும். இந்தக் கம்பப் பாத்தா லோரி நிக்கும். பூட்டு தெறக்குமா? சாவியக் குடுங்க.”

“பயமா இருக்கு குமுதா.”

“எனக்கும்தான்.”

சாவிக்கொத்து கிலுங்கியது. பிறகு கம்பிக்கு நடுவே ஈரமான விரல்கள் என் கையைத் தேடி வந்தன. சாவியை வாங்கி, தாலிச் சரட்டில் கிடந்த ஊக்கில் கோர்த்துக்கொண்டேன்.

“வேலைக்கு நேரமாச்சு, போங்க,” என்றேன். “ராத்திரிக்குக் கீரை.”