சூதாட்ட ஒழிப்புக் குலுக்கல்

"நூத்தி இருபது பேரும் மூணு நாள் லீவை வேண்டாம்னுடுவாங்க. நீங்க கால்ல விழுந்தாலும் ஒருத்தன் வாங்க மாட்டான். பார்க்கறீங்களா?"

வடகொரிய எல்லையை ஒட்டிய சோர்வோன் மலைமுகாமின் ஆலோசகர் பியோ சங்-தே இப்படிச் சொன்னதும் மேஜர் குக் காபியைத் தன் சட்டையிலேயே துப்பிக்கொண்டார். தென்கொரியாவில் கட்டாய ராணுவ சேவைக்கு வந்தவன் லீவுக்காகக் கடைவாய்ப் பல்லைக்கூடப் பிடுங்கிக் கொடுப்பான். வாங்க மாட்டானாம்!

"பெரியவரே, வெயில்ல நடந்து வந்தீங்களோ?"

முப்பத்திரண்டு வருடம் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் பியோ. இதுபோல் நாற்பது மேஜர்களைப் பார்த்தாயிற்று. அத்தனை பேர் மூளையையும் வழித்துப் போட்டாலும் ஒரு சூப்புக் கிண்ணம் நிறையாது என்பது அவர் முடிவு. இந்த குக் செய்ததைப் பாருங்கள்: பகலில் வாங்கி வைத்த போன் மாலையில் கைக்கு வந்ததும் சிப்பாய்கள் இணையச் சூதில் விழுகிறார்கள் என்று ஒழிப்புக் கூட்டம் போட்டார். கூட்டம் சேர வேண்டுமே என்று அதிலேயே குலுக்கல் வைத்தார். ஆளுக்கொரு நம்பர் சீட்டு, அதன் மறுபாதி பெட்டியில்; சீட்டைக் காட்டுகிறவனுக்குப் பரிசு மூன்று நாள் லீவு. தீயணைப்பு வண்டியின் தண்ணீர்த் தொட்டியில் பெட்ரோல் நிரப்பிய மகான்!

அன்று காலை சிப்பாய் யுன்-ஜே பியோவிடம் வந்து நின்றான். "ஐயா, நான் சூதை விட்டுப் பன்னெண்டு நாளாச்சு. நம்பர் கூப்பிடறதைக் கேட்டா அதே படபடப்பு வந்துடும். சாயங்காலம் போன் கிடைச்சதும் தொலைஞ்சேன்."

அவனை மட்டும் விட்டுவிடச் சொல்லத்தான் பியோ மேஜரிடம் வந்திருந்தார்.

"நூறு சதவீத வருகைன்னு தலைமையகத்துக்குச் சொல்லியாச்சு. ஒருத்தனும் குறையக் கூடாது" என்றார் குக். அந்த எரிச்சலில் வந்ததுதான் லீவை ஒருத்தனும் வாங்க மாட்டான் என்ற சவடால். வெளியே வந்த பிறகுதான் தான் சொன்னது பியோவுக்கே உறைத்தது.

கூட்டத்தில் குக் பெட்டிக்குள் கைவிட்டதும் யுன்-ஜே எழுந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. "மேஜர் ஐயா, என்னை வெளிய விடுங்க. பன்னெண்டு நாளா ஆடலை. இதுவும் எனக்கு அதேதான்."

"இது சூதாட்டமில்லடா, அதிர்ஷ்டம்! உட்காரு!"

கடைசி வரிசையில் ஹா இருந்தான். ஒன்பது நாளில் சேவை முடிந்து வீட்டுக்குப் போகிறவன், முகாமிலேயே மூத்த சிப்பாய். "அதிர்ஷ்டமாம்ல. எனக்குப் பசிதான்யா எடுக்குது" என்று சீட்டை வாயில் போட்டு மென்றான்.

கொரியப் பந்தியில் மூத்தவன் வாய் வைக்காமல் இளையவன் சாப்பிடுவதில்லை. வைத்த பிறகு சாப்பிடாமல் இருப்பதும் இல்லை. வரிசை வரிசையாகச் சீட்டுகள் உள்ளே போயின. மென்ற சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. எல்லைக்கு அப்பால் வடகொரியக் காவலன் பைனாகுலரைத் துடைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

"பதினேழு!" என்றார் குக். அடுத்த சீட்டை எடுத்தார். "அறுபத்தி நாலு! டேய், லீவுடா! லீவு!"

பெட்டி காலியாகும்வரை கத்தினார். யுன்-ஜேயும் தன் சீட்டை விழுங்கியிருந்தான். இனி எந்த நம்பரும் அவனுடையதில்லை. அவன் கைகள் தொடைமேல் நடுங்காமல் கிடந்தன. பியோ அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையகத்திலிருந்து போன் வந்தது, பரிசு யாருக்கு என்று. குக் விறைத்து நின்றார்.

"யாரும் வாங்கலை சார்... இல்ல சார், குடிக்கலை... தின்னுட்டாங்க சார்... நானும்தான் நம்பலை. ஆனா நடந்துச்சு சார். என் கண்ணு முன்னாடியே நடந்துச்சு."