நீங்க யாரு வீடு?

சம்சுன்னிசா உள்ளே வந்ததும் ஹம்னா கதவைச் சாத்தவில்லை. "சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா?" என்று கேட்டாள். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கதவோர நாற்காலியை அவளுக்கு விட்டாள். டிஷ்யூ பெட்டியை எட்டும் தூரத்தில் வைத்தாளே தவிர, முகத்துக்கு நேராக நீட்டவில்லை. நடந்ததைச் சொல்லச் சொல்லி நச்சரிக்கக் கூடாது, எழுந்து போகிறவரைத் தடுக்கக் கூடாது. எல்லாம் அத்துப்படி. தேக்கா சந்தைக்குப் பின்னாலிருக்கும் இந்தச் சின்ன ஆலோசனை நிலையத்துக்கு, சிறு வயதில் சீரழிக்கப்பட்டவர்கள் நாற்பதிலும் ஐம்பதிலும் வந்து வாய் திறப்பார்கள். பதினோரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு ஹம்னாவுக்கு உள்ளே மரத்துப்போயிருந்தது. எதைக் கேட்டாலும் பன்னிரண்டரைக்கு டாணென்று பசித்தது. கீழே போய் பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு வருவாள். முன்பெல்லாம் அதற்காக வெட்கப்பட்டாள். இப்போது அதுவும் இல்லை.

சம்சுன்னிசாவுக்கு நாற்பத்தாறு வயது. பாசிர் ரிஸ்ஸில் வீடு, ஸ்கூல் கேன்டீனில் வேலை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு, பஸ் நம்பர் சொல்கிற குரலில் சொன்னாள்.

"சனிக்கிழம ஊர்லேர்ந்து ஒருத்தவங்க வர்றாங்க. ஒரு மாசம் எங்க வீட்டுல தங்கப் போறாங்க. என் மகளுக்குப் பதிமூணு வயசு. வேணாம்னு சொல்லணும். ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

ஹம்னா அதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன வாய்! நம் ஆட்கள் இரண்டு பேர் லிஃப்டில் சந்தித்தால் போதும், தரைத்தளம் வருவதற்குள் ஊர், தெரு, பாட்டனார் பெயர் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் நாக்கு தானாகக் கேட்டது.

"நீங்களும் நம்ம ஊருதானே? யாரு வீடு?"

"அப்துல் அலீம் எங்க பெரியத்தா, அத்தாவுக்கு அண்ணன்."

"அட, அவங்களா! என் கல்யாணத்துக்கு வந்து துஆ ஓதுனவங்களாச்சே. தங்கமான மனுஷர் லா."

சம்சுன்னிசா சிரித்தாள். "ஆமா. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அவங்கதான் சனிக்கிழம வர்றாங்க."

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஹம்னாவுக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர எங்கும் வலிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, நான் அதக் கேட்டிருக்கவே கூடாது. தப்பு என்னோடது. உங்கள நான் நம்புறேன். இங்க உர்சுலான்னு ஒருத்தவங்க இருக்காங்க. சர்ச்சுக்குப் போறவங்க, நம்ம ஆளுங்க ஒருத்தரையும் தெரியாது. நாளைக்கு அவங்களப் பாக்குறீங்களா?"

"யாரு வீடுன்னு கேக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

சம்சுன்னிசா தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. உர்சுலா இரண்டு முறை அழைத்துப் பார்த்தாள், எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஆங் மோ கியோ வீட்டில், ஹம்னாவின் அம்மா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"கேட்டியா கூத்த? அலீம் மாமா வந்து இறங்கிட்டாங்க. அந்த சம்சுன்னிசா இருக்காளே, வீட்டுல இடமில்லன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாளாம். ஏன்னும் சொல்லலையாம். என்ன திமிரு பாரு! நான் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன். யும்னா ரூம்ல தங்கட்டும், புள்ள என்கூடப் படுத்துக்கும்."

ஹம்னாவின் மகள், பத்து வயது யும்னா, தன் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். அம்மா புதுப் படுக்கை விரிப்பை உதறி, ஒரு முனையை ஹம்னாவிடம் நீட்டினார்.

"வேணாம்மா."

"ஏன்?"

ஆலோசனை அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அவள் சொன்னதில்லை. பொய் ஒன்று தேடினாள், கிடைக்கவில்லை. நீட்டிய முனையை வாங்கி, விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"உன்னத்தான் கேக்குறேன். ஏன்?"

அம்மா மறுமுனையைப் பிடித்தபடி காத்திருந்தார். ஹம்னா தன் முனையை இறக்கவில்லை. விரிப்பு கட்டிலைத் தொடாமல் இருவருக்கும் நடுவே நின்றது.