பச்சைத் துண்டு, நீலத் துண்டு

துண்டு யார் கழுத்தில் கிடக்கிறதோ அவர்தான் அந்த ஆள். நாடகம் சொல்லிக்கொடுக்க வந்த மதுவந்தி முதல் நாளே போட்ட விதி இது. பச்சைத் துண்டு பெண்டாட்டி, நீலத் துண்டு புருஷன். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது பொறுக்கவில்லை என்றால் கை தட்டி "நிறுத்து" என்று கத்த வேண்டும். நடிப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். கத்தியவர் சுண்ணாம்பு வட்டத்துக்குள் வந்து, அடிபடுகிறவளின் துண்டைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, தானாக இருந்தால் என்ன செய்வார் என்று செய்து காட்ட வேண்டும். அந்தச் சொல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வட்டத்துக்குள் இருப்பவர்கள் சொல்லக் கூடாது. வராதவரை வெளியாட்கள் உள்ளே கால் வைக்கவும் கூடாது.

மந்தைவெளிக்குப் பின்னால், கால்வாய் ஓரத்துக் குடிசைப் பகுதியான செல்லியம்மன் தோட்டத்தில் பொடிசுகளுக்குக்கூட இரண்டே மாதத்தில் இது மனப்பாடமாகிவிட்டது. குழாயடியில் சண்டை வந்தால் ஓடிப்போய் "நிறுத்து" என்று கத்திவிட்டுத் துண்டு கேட்டு நின்றன.

பறக்கும் ரயிலுக்காக நட்ட தூண்களுக்கு அடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு நாடகம். பச்சைத் துண்டு நிஷாவின் கழுத்தில். பதினெட்டு வயது, தி.நகர் தையல் கடையொன்றில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறவள்.

அவள் நடித்தது அதே தோட்டத்தில் குடியிருக்கும் அவளுடைய அக்கா சூடாமணியின் கதை. அது நிஷா ஒருத்திக்குத்தான் தெரியும். ஆளுக்கொரு கதை சொல்லுங்கள் என்று மதுவந்தி கேட்டபோது, "கே.கே. நகர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு வூட்ல..." என்றுதான் ஆரம்பித்திருந்தாள். அக்காவின் புருஷன், ஆட்டோ ஓட்டும் கோதண்டபாணி மாமாவைப் பெயிண்டராக்கினாள். அவன் அடிக்கிற கிளட்ச் ஒயரைக் கயிறாக்கினாள். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அடிப்பதற்கு முன்னால் அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். வாட்சைக் கழற்றி டிவி மேல் வைப்பான். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டுவான். அவசரமே இருக்காது, வேலைக்கு உட்காருகிற மனுஷன் மாதிரி செய்வான்.

போன வருஷம் கதவின் உள்தாழ்ப்பாளைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தான். வண்டி எடுக்கும்போது சூடாமணியை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். நிஷா ஜன்னல் கம்பி வழியாகத்தான் அக்காவோடு பேசுவாள். அவள் கணக்கு சாதாரணமானது. நாலு பேர் முன்னால் இதைப் போட்டால் நாலு பேர் நாலு வழி செய்து காட்டுவார்கள். அதில் ஒன்றாவது அக்காவுக்கு ஆகும். அதைப் போய் ஜன்னலில் சொல்லிவிடலாம்.

அன்று மாமா மகாபலிபுரத்துக்குச் சவாரி போகிறான் என்று அக்கா சொல்லியிருந்ததால் நிஷா தைரியமாக இருந்தாள்.

புருஷனாக நடித்தது தமிழ்மாறன். கேரம்போர்டு தவிர வேறு எதையும் அடித்தறியாத ஒல்லிப் பையன். அவன் நீலத் துண்டோடு வந்து, வாட்சைக் கழற்றி, டிவியாக வைத்திருந்த மீன் பெட்டியின் மேல் பவ்வியமாக வைத்ததுமே கூட்டம் சிரித்தது.

"நிறுத்துடா!" மீன் விற்கும் முத்தம்மா கை தட்டிக்கொண்டு வந்தாள். நிஷாவின் துண்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மாறன் மறுபடி வாட்சை வைத்தானோ இல்லையோ, லபக்கென்று எடுத்து இடுப்பில் செருகினாள். "இப்ப அடிடா பாக்கலாம். மார்க்கெட்ல குட்த்தா ரெண்டு வஞ்சிரம் வரும்."

"யக்கோவ், அது எங்கண்ணன் வாட்ச்சு" என்று மாறன் நடிப்பை மறந்து கத்த, கூட்டம் புரண்டு சிரித்தது.

மதுவந்தியும் சிரித்தாள். மயிலாப்பூரில் பாட்டு வாத்தியார் வீட்டுப் பெண். நாடகம் படித்துவிட்டு மொபெட்டில் தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறவள். "சரி முத்தம்மா, நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"நாளிக்கா? அவன் வேற வாட்ச்சு வாங்கிக்கினு வந்து அடிப்பான்." முத்தம்மா துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சிரிப்பு சட்டென்று குறைந்தது.

அப்போது பின்னாலிருந்து யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள். "நிறுத்து."

நிஷா திரும்பினாள். தூண் ஓரமாகக் கோதண்டபாணி நின்றான். சவாரி இல்லாமல் போயிருக்க வேண்டும். பக்கத்தில், முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டு சூடாமணி. மச்சினிச்சி ஆடுவதைப் பார்க்க அவனே கூட்டிவந்திருக்கிறான். முழுசையும் பார்த்துவிட்டான்.

"எனக்கு நீலத் துண்டு வேணும்" என்றான்.

அடிபடுகிறவளின் துண்டைத்தான் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் மதுவந்தி வாயெடுத்தாள். ஆனால் இரண்டு மாதமாக அந்த வட்டத்துக்குள் வந்ததெல்லாம் பெண்களும் பொடிசுகளும்தான். கல்யாணமான ஒரு ஆண்பிள்ளை தானாக வந்து கேட்கிறான். வேறு மாதிரிப் புருஷனாக இருந்து காட்டப்போகிறான் என்று நினைத்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்ததை நிஷா பார்த்தாள்.

"வாங்க சார், வாங்க!" என்றாள் மதுவந்தி.

இவன்தான் அந்தப் புருஷன் என்று நிஷா சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை யாருடையது என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா தூணில் சாய்ந்தபடி, வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள்.

கோதண்டபாணி காக்கிச் சட்டையைக் கழற்றி, "ஆணி இல்ல. நீ புடி" என்று மாறனிடம் கொடுத்துவிட்டு, அவனிடமிருந்த நீலத் துண்டை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். வாட்சைக் கழற்றி மீன் பெட்டியின் மேல் வைத்தான். கூட்டம் கை தட்டியது. மாறனைவிட இவன் செய்தது அச்சு அசலாக இருந்தது. பெட்டியின் ஓரத்தில் இல்லாத ஒரு குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினான்.

"சூப்பரு நைனா!" என்று யாரோ விசில் அடித்தான்.

கீழே கிடந்த கயிற்றை எடுத்துப் பார்த்தான். "கயித்தால எவன்டா அடிப்பான்?" மறுபடி சிரிப்பு. கயிற்றைப் போட்டுவிட்டு இடுப்புப் பெல்ட்டை உருவினான்.

முதல் அடி தோளில் விழுந்தது. நிஷாவுக்கு மூச்சு நின்றது. இரண்டாவதில் பெல்ட்டின் இரும்புப் பூட்டு வாயில் பட்டு, உதடு கிழிந்து, ஒரு பல் நாக்கின் மேல் கழன்று விழுந்தது. அவள் கத்தினாள். கூட்டம் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தது. முடியைப் பிடித்து இழுத்து முழங்காலால் வயிற்றில் இடித்தான். சுண்ணாம்புக் கோட்டில் அவள் ரத்தம் சொட்டியது.

"இன்னா ஆக்டிங்குபா" என்ற குரல் அவள் காதில் விழுந்தது. சாயம் என்று நினைத்துவிட்டார்கள். கோட்டைத் தாண்டி ஒரு கால்கூட வரவில்லை. அவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்கள். மதுவந்தி கையில் தாளோடு நின்றாள். அவளுக்கும் புரிவதற்கு நாலு அடி ஆயிற்று.

நிறுத்து என்று கத்த நிஷா வாயைத் திறந்தாள். ரத்தம்தான் வந்தது.

"வெளிய சொல்லுவியா?" ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வியாகக் கேட்டான். "ஊரக் கூட்டிச் சொல்லுவியா? சொல்லுவியா சூடா? இனிமே சொல்லுவியாடி சூடா?"

விசில் நின்றது. இவள் நிஷா என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சூடா யார் என்றும் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாகத் தூண் பக்கம் திரும்பின.

"நிறுத்து."

கத்தலாக வரவில்லை. சூடாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாள். குனிந்து, தங்கையின் கழுத்திலிருந்த ரத்தம் தோய்ந்த பச்சைத் துண்டை எடுத்தாள். தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். போட்டபோது முந்தானை நழுவியது. முதுகிலும் தோளிலும் கிளட்ச் ஒயர் போட்ட தழும்புகளை, பழையது கறுப்பாகவும் புதியது சிவப்பாகவும், எல்லோரும் பார்த்தார்கள்.

"அவளுக்கு இன்னா தெரியும்? நான்தான் அது" என்றாள். "என்னிய அடி. எல்லாரும் பாக்கட்டும்."

அவன் பெல்ட்டை ஓங்கினான். ஓங்கிய கையை மாறன் பின்னாலிருந்து பிடித்தான். அதற்குப் பிறகு வட்டமே இல்லை.

யார் முதலில் அடித்தார்கள் என்று பிற்பாடு யாராலும் சொல்ல முடியவில்லை. செருப்பால் அடித்தார்கள். மீன் பெட்டியை உடைத்து அந்தப் பலகையால் அடித்தார்கள். கல்லும் விழுந்தது. எந்த வீட்டு டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இத்தனை நாள் சோறு தின்றார்களோ, அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்து ஆட்கள்தான் எல்லோரையும்விட அதிகமாக அடித்தார்கள். கோதண்டபாணியின் முகம் முகமாக இல்லை. ஒரு கை பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. அவன் அலறுவதை நிறுத்திவிட்ட பிறகும் மாறன் பலகையை ஓங்கி ஓங்கிப் போட்டான். மதுவந்தி தொண்டை கிழியக் கத்தினாள். "நிறுத்துங்கோ! ஐயோ, செத்துடப் போறான், நிறுத்துங்கோ!" யாரும் காதில் வாங்கவில்லை.

நிஷா அக்காவைப் பார்த்தாள். அந்தச் சொல்லை இப்போது அக்கா சொல்லியிருக்கலாம். சூடாமணி துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

செத்தால் மாறன் ஜெயிலுக்குப் போவான். புருஷனை ஆள் வைத்துக் கொன்றவள் என்று இதே வாய்கள் அக்காவைப் பேசும். நிஷா கால்களுக்கு நடுவே தவழ்ந்து போனாள். ஒரு பலகை அவள் முதுகிலும் விழுந்தது. அவன் கழுத்தில் சிக்கியிருந்த நீலத் துண்டைப் பிடித்து உருவி, கையை உயரத் தூக்கினாள்.

"துண்ட எடுத்தாச்சு!" தூண் மேடையில் ஏறியிருந்த பொடிசு ஒன்று கத்தியது. "துண்ட எடுத்தாச்சு! நிறுத்து!" உடனே மற்றவையும் கை தட்டிக்கொண்டு கத்தின. "நிறுத்து! நிறுத்து!"

கைகள் நின்றன. எல்லாக் கைகளும் இல்லை. யாரோ ஒருவன் இன்னும் ஒரு உதை விட்டுவிட்டுத்தான் நகர்ந்தான். மாறன் கையிலிருந்த பலகையைப் பார்த்தான், பிறகு கீழே போட்டான்.

கோதண்டபாணிக்கு மூச்சு இருந்தது. நாலு பேர் அவனை அவனுடைய ஆட்டோவிலேயே அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கூட ஒரு பொம்பளை வேண்டும் என்றார்கள். சூடாமணி நகரவில்லை. முத்தம்மா காறித் துப்பிவிட்டு, "நான் வரேன், தள்ளு" என்று ஏறிக்கொண்டாள்.

மதுவந்தி தன் துப்பட்டாவைக் கிழித்து நிஷாவின் வாயில் அழுத்தினாள். "என் தப்பு. நான்தான் அவனை உள்ள விட்டேன். ரெண்டு பேரும் எங்காத்துக்கு வந்துடுங்கோ. அவன் திரும்பி வந்தா என்ன பண்ணுவேள்?"

"மொதல்ல இவள டாக்டராண்ட கூட்டிக்கினு போம்மா" என்றாள் சூடாமணி. "நான் ஏன் வரணும்? என் வூடு இங்க கீது."

மிதிபட்டுக் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்து உதறி, பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். சட்டையை அங்கேயே போட்டாள். தூணடியில் உட்கார்ந்து உள்ளங்கைச் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மாறனிடம் போய் நின்றாள்.

"மாறா, உங்க வூட்ல சுத்தி கீதா?"

அவன் நிமிர்ந்தான். "எதுக்குக்கா?"

"பொழுது சாயறதுக்குள்ள உள்பக்கம் ஒரு தாப்பா அடிக்கணும்."