மொக்கையன் நடந்த தூரம்

வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டே கணக்குச் சொல்லிக் கொடுத்த மீனா டீச்சருக்கு, ஓய்வுபெற்று உட்கார்ந்த பிறகுதான் தனக்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரிய வந்தது. வலி என்றால் பரவாயில்லை, வலிக்கு ஊரெல்லாம் தைலம் இருக்கிறது. இது வலி இல்லை. பொழுது சாய்ந்து, வில்லாபுரம் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தால் போதும், முழங்காலுக்குக் கீழே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் என்னவோ ஒன்று ஊர ஆரம்பிக்கும். சொறிந்தால் எட்டாது. அமுக்கினால் இடம் மாறும். எழுந்து நாலு நடை நடந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிப்போகும். நிம்மதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தால் அதுவும் கூடவே வந்து உட்காரும். உட்காரக் கூடாது என்று உடம்பே சட்டம் போட்டால் மனுஷி என்னதான் செய்வாள்?

மின்வாரியத்தில் வேலை பார்த்து அவளுக்கு முன்பே ஓய்வுபெற்ற கணவர் ஜெயபாண்டிக்கு இது ஆரம்பத்தில் நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

“ஊருறது எறும்பா, பூரானா? பார்த்துச் சொல்லு, மருந்து அடிச்சிருவோம்.”

“ஒங்களுக்கு வந்தாத் தெரியும்.”

மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தச் சிரிப்பும் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கு மரியாதை செய்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பெண் மணவறைக்கு வருகிற நேரம் பார்த்துக் காலுக்குள் கும்மாளம் தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், விரலை மடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தாலி கட்டப் போகிற நேரத்தில் விருட்டென்று எழுந்து பந்தி நடக்கும் இடம் வரை நடந்துவிட்டு வந்தாள். ரிட்டயர் ஆனதும் மீனாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. கால் ஊருகிறது, அதனால் எழுந்தேன் என்று யாரிடம் சொல்வது? கால் சரியில்லை என்றால் உட்காரத்தானே சொல்வார்கள்!

அப்பா போன பிறகு அவளோடு வந்துவிட்ட அம்மா செல்லத்தாய் மட்டும் சிரிக்கவும் இல்லை, வைத்தியம் சொல்லவும் இல்லை. சாயங்காலம் ஹாலில் மகள் குறுக்கும் நெடுக்கும் நடக்கத் தொடங்கினால் கிழவியின் முகம் சுண்டிப்போகும். எண்பதைத் தாண்டிய உடம்பு, கண் மட்டும் கழுகுக்கண். மகளின் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து, குனிய முடியாமல் குனிந்து, இரண்டு கெண்டைக்காலிலும் பூசிவிட்டாள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடுவதில்லை. கேட்டால், “எனக்குப் பசியில்ல, போ” என்பாள்.

நரம்பு டாக்டர் ஸ்யாமளா சின்னப் பெண்தான். ஆனால் மீனா சொன்னதை ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். ‘ஊருது’ என்றபோது சிரிக்கவில்லை. ‘நடந்தாப் போயிருது’ என்றபோது தலையாட்டினார். அதுவே மீனாவுக்குப் பாதி வைத்தியமாக இருந்தது.

“இதுக்குப் பேர் இருக்கும்மா. நிறையப் பேருக்கு இருக்கு. பாதிப் பேர் வெளிய சொல்றதில்ல, சொன்னாப் பைத்தியம்னு நினைச்சிருவாங்களோன்னு பயம். குடும்ப வழியாவும் வரும். உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்துச்சா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்த மீனா அப்படியே நின்றுவிட்டாள். சின்ன வயதில் பிடித்த ஒரு ஜன்னல் கம்பியின் சில்லிப்பு உள்ளங்கையில் வந்து ஒட்டிக்கொண்டது.

டி. கல்லுப்பட்டியில் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த வீடு அது. அய்யா என்று அவள் கூப்பிடும் அப்பா மொக்கையன் கடையில் நாற்காலியே போட்டதில்லை. வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சு உண்டு, முதலாளிக்குக் கிடையாது. விடிந்ததிலிருந்து நின்றபடியே பொட்டலம் மடிப்பார். கடையை அடைத்து உள்ளே வந்ததும் பாயில் குப்புறப் படுத்து, “பாப்பா, வா தாயி, ஏறு” என்பார். மீனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கெண்டைக்காலில் ஏறி நிற்பாள். வெல்லமும் மல்லியும் கருவாடும் கலந்த வாசனை அந்தக் காலிலிருந்து வரும். கடையே காலடியில் கிடப்பது போல அவளுக்கு இருக்கும். “அங்கதான், அங்கதான். அப்படியே நில்லு. என்ன சொகமா இருக்கு!” என்று அவர் முனகுவதைக் கேட்க அவளுக்கு அம்புட்டு ஆசை. அவள் ஒருநாள்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. பெரியவர்கள் மேல் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடச் சொல்லுகிற வீட்டில், ஏறி மிதித்தால் பாராட்டு கிடைக்கிற ஒரே இடம் அதுதான். மிதித்து முடித்ததும் இறங்கி அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவர் திரும்பிப் படுத்து அவள் தலையைக் கோதிவிடுவார். உலகத்தில் இதைவிடப் பெரிய வேலை எதுவும் இல்லை என்று அன்றைக்கு அவள் நினைத்திருந்தாள். பின்னால் எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அந்தப் பெருமை திரும்பக் கிடைக்கவே இல்லை.

“எங்கய்யாவுக்கு இருந்துச்சு டாக்டர்” என்றாள்.

ரத்தத்தைச் சோதித்ததில் உடம்பில் இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தது. அதற்கு மாத்திரை, சாயங்காலத்துக்கு இன்னொரு சின்ன மாத்திரை. காபியைக் குறைக்கச் சொன்னார். அதுதான் மீனாவுக்குக் கொஞ்சம் கசந்தது.

வீட்டுக்கு வந்த வேகத்தில் அம்மாவிடம் ஓடினாள். “அம்மா, அய்யாவுக்கு இருந்ததுதாம்மா எனக்கும் வந்திருக்கு!” கெட்ட சேதியை இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செல்லத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியும்டி. நான் வெட்டிப் போட்ட காசுதான் ஒங்கால்ல நிக்கிது.”

அப்புறம் விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மீனா எட்டாவது படிக்கும்போது மொக்கையனுக்குத் திடீரென்று ஒரு பழக்கம் வந்தது. கடையை அடைத்ததும் வீட்டுக்குள் வராமல் பேரையூர் ரோட்டில் தனியாக நடக்கத் தொடங்கினார். எங்கே போகிறீர்கள் என்றால், “சும்மா, காலாற” என்பார். கடையில் நாளெல்லாம் நின்ற மனிதனுக்குக் காலாற நடக்க என்ன இருக்கிறது என்று எந்தப் பெண்டாட்டியும் கேட்கத்தான் செய்வாள். அந்த ரோட்டோரம் ஒரு குடியிருப்பு, அதில் புருஷனை இழந்த ஒருத்தி இருந்தாள். பிறகென்ன, செல்லத்தாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேரையூர்ப் பக்கம் இருந்த கருப்பசாமி கோயிலுக்குப் போனாள். தீராத வஞ்சகம் இருந்தால் அந்தப் பக்கத்தில் சாமி முன்னால் காசை வெட்டிப் போட்டு முறையிடுவார்கள். வெட்டின காசு சும்மா விடாது என்பது நம்பிக்கை. “என்னைய விட்டு எங்கிட்டோ போற அந்தக் காலு வெளங்காமப் போகணும்” என்று சொல்லி வெட்டினாள். அன்றோடு புருஷனிடம் நேராகப் பேசுவதையும் நிறுத்தினாள். ‘ஒங்கய்யாவச் சாப்பிடச் சொல்லு’ என்று மகள் வழியாகத்தான் எல்லாம். மீனா கல்யாணமாகிப் போன பிறகு அந்த வழியும் அடைபட்டது. சோறு வைக்கிற சத்தம்தான் பேச்சு.

“கடைசியில படுத்த படுக்கையில காலப் போட்டு ஒதறுனாரே, பாத்தியா? அது எஞ்சாபம். அவரோட முடிஞ்சதுன்னு இருந்தேன். இப்ப ஒன்னையப் பிடிச்சிருச்சு. நாளைக்கு ஒம்மக அஸ்வினிக்கு வரும். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. நான் கால்ல விழுந்து கேட்டுக்கிறேன். அதுவரைக்கும் பொழுது சாஞ்சு என் வாயில சோறு எறங்காது.”

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் ஊர்வது பாதியாகி, பிறகு எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளியாகிவிட்டது. மீனா ஒரு முழு சீரியலை உட்கார்ந்து பார்த்தாள். அது மகா மட்டமான சீரியல், இருந்தும் கண்ணில் தண்ணீர் வந்தது. செல்லத்தாய் மட்டும் மசியவில்லை. மாத்திரை என்றால் அவளுக்கு வாய்தா, தீர்ப்பு கருப்பனிடம் இருக்கிறது. பட்டினி கிடந்து கிழவியின் கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறத் தொடங்கியது.

மீனாவிடம் ஒரு பதில் இருந்தது. அவள் அய்யாவின் காலை மிதிக்கத் தொடங்கியது இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே. காசு வெட்டியது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. ஆகவே சாபம் வருவதற்கு முன்பே அந்தக் காலில் அது இருந்தது. கணக்கு டீச்சருக்கு இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் விடையைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. சாபம் இல்லை என்றால், கால் ஊறியதால்தான் அவர் நடந்தார், குற்றமும் இல்லை என்றாகிவிடும். எவளையும் தேடிப் போகாத மனுஷனோடுதான் அம்மா அத்தனை வருஷம் பேசாமல் இருந்தாள் என்றாகும். ஒரு பாரத்தை இறக்கி, அதைவிடப் பெரியதைத் தலையில் ஏற்ற வேண்டுமா?

“இந்த வயசுல எதுக்கு மீனா?” என்றார் ஜெயபாண்டி. “கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவோம். கும்பிட்டுட்டு வந்து நிம்மதியாச் சாப்பிடட்டும்.”

நியாயமான யோசனைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் காரை எடுத்தார். திருமங்கலம் தாண்டியதும் செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. கல்லுப்பட்டியில் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. மீனா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்து ஜன்னல் இருந்த சுவரே இல்லை.

பேரையூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் செல்லத்தாய் வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தாள். “கருப்பா, நான் பாவி. அந்த மனுசன் செஞ்சதுக்கு அவரு அனுபவிச்சிட்டாரு. எம்பிள்ளைய விட்ரு.”

‘அந்த மனுசன் செஞ்சதுக்கு.’ மீனாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் அய்யா குற்றவாளியாகவே கோயில் வாசலில் நிற்க வேண்டுமா? “வண்டிய நிறுத்துங்க” என்றாள். ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் கார் நின்றது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, அய்யா ஒன்னும் செய்யல. நான் ரெண்டாப்பு படிக்கிறப்பவே அய்யா கால்ல ஏறி மிதிப்பேன், ஞாபகம் இருக்கா? எதுக்கு மிதிக்கச் சொன்னாரு? அப்பவே அவருக்கு ஊருச்சும்மா. நீ காசு வெட்டுனது நான் எட்டாப்பு படிக்கையில. ஒஞ்சாபம் அவரையும் பிடிக்கல, என்னையும் பிடிக்கல. உக்காந்தா ஊரும், நடந்தாப் போகும். எனக்கும் அதுதானே? அதுக்குத்தான் நடந்தாரு. வேற எங்கயும் போகல.”

செல்லத்தாய் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். பிறகு, “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். கோபமாகத்தான் கேட்டாள்.

“என்னன்னு சொல்லுவாரு? கால்ல புழு ஊருதுன்னா? கடை வச்சிருக்க மனுசன் சொன்னா ஊரு சிரிக்காதா? எனக்கே டாக்டர் கேட்ட பெறகுதான் சொல்லத் தெரிஞ்சுச்சு.”

“ஒன்னையத்தான் ஒருநா பின்னாலயே போயிப் பாத்துட்டு வரச்சொன்னேன்.”

“வந்து சொன்னேன்லம்மா. இந்தப் பாலம் வரைக்கும் வந்தாரு. என்னையப் பாத்துட்டாரு, வையல. சேவு வாங்கிக் குடுத்துக் கையப் பிடிச்சுக் கூட்டியாந்தாரு.”

“சேவு வாங்கிக் குடுத்து ஒன் வாய அடச்சிட்டாருன்னு நெனச்சேன்டி.” கிழவி கார்க் கதவைத் திறக்கத் தடுமாறினாள். “நான் எறங்குறேன்.”

“கோயிலுக்கு நேரமாகிருமே, அத்தை” என்றார் ஜெயபாண்டி.

“கருப்பன் எங்க போயிரப் போறான் மாப்ள? அவன் நிக்கட்டும்.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்தாள். சின்னப் பாலம்தான். கைப்பிடிச் சுவரில் யாரோ கட்சி விளம்பரம் எழுதியிருந்தார்கள். அதற்கு அந்தப்பக்கம் கரிசல்காடு, பருத்தி எடுத்து முடிந்து வெறுமையாகக் கிடந்தது. செல்லத்தாய் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். கல்லுப்பட்டி கண்ணுக்கே தெரியவில்லை.

“இம்புட்டுத் தூரமும் ஒத்தையிலயா நடந்தாரு?”

“ஆமாம்மா.”

“எட்டாப்புலதான நீ சமஞ்ச?”

மீனா இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். கிழவியே அதைப் பிடித்துவிட்டாள்.

“நாந்தான்டி நிறுத்துனேன். வயசுக்கு வந்த பிள்ள அய்யா மேல ஏறி மிதிக்கப்படாதுன்னு நாந்தான் சொன்னேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல அந்த மனுசன். பாயச் சுருட்டி வச்சிட்டு எந்திரிச்சு வெளிய போனாரு.” பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “பொண்டாட்டிய மிதிக்கச் சொல்லக் கூடாதுன்னு இருந்திட்டாரு. எனக்கும் தோணலயே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மிதிச்சிருக்க மாட்டேனா?”

மீனா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. புழுதி அடங்கியதும் செல்லத்தாய் மகளின் கையை விலக்கிவிட்டுத் தனியாக நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். யாருமில்லாத ரோட்டைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, நேராகப் பேசினாள்.

“ஏங்க, நடந்தது போதும். பொழுது எறங்கிருச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

கொஞ்ச நேரம் காத்திருந்தாள், யாரோ வந்து சேர்வதற்கு இடம் கொடுப்பது மாதிரி. பிறகு காரைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். மீனா பின்னாலேயே போனாள்.