ஒரே ஒரு பெட்ஷீட்

நான் வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் வாஷிங் மெஷினைச் சரிபண்ணிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். கோபித்துக்கொண்டு போகிறவளுக்கு எதற்கு இந்த அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் போனில் அதைத்தான் கேட்டாள்.

"அந்த மனுஷனுக்கு ஒரு கைக்குட்டை துவைக்கத் தெரியாதுடி. மெஷினும் இல்லேன்னா அழுக்குச் சட்டையோட அலைவாரு. பார்க்கிறவங்க என்னைத்தான் பேசுவாங்க" என்றேன். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்கு அடிவயிற்றில் ஓர் ஆபரேஷன். நடுவழியில் வண்டியை நிறுத்த முடியாமல் அடக்கி அடக்கி வந்த வினை என்று நான் சொன்னேன். டாக்டர் வயசு என்றார். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர், "எல்லாம் சரியாயிடுச்சாம்" என்றார். நானும் நம்பினேன்.

வந்து ஒரு வாரம் இருக்கும், தலையணையைத் தூக்கிக்கொண்டு, குளியலறையை ஒட்டியிருக்கிற முன்னறைக் கட்டிலுக்குப் போய்விட்டார். கேட்டால், தன் குறட்டை எனக்குத் தொல்லையாம். இருபத்தொன்பது வருடக் குறட்டை அது. அது இல்லாவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மாதம் பொறுத்தேன், இரண்டு மாதம் பொறுத்தேன். சாயங்காலத்துக்குமேல் டீ போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்பார். அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்வார். ஏன் என்று கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி சுவரைப் பார்ப்பார். இனி நான் வேண்டாதவள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? மகளிடம் சொல்லி அழுதேன். "இங்க வந்துடும்மா, எத்தனை நாள் வேணும்னாலும் இரு" என்றாள். இரண்டு வாரம் தள்ளி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து, இருக்கிற துணியெல்லாம் துவைத்துப் பையில் அடுக்கி பீரோ மேல் வைத்தேன். அவரும் பையைப் பார்த்தார். போகாதே என்று ஒரு வார்த்தை வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் மக்கர் பண்ணியது. நான் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. காலை ஆறரைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவேன். ஒருநாள் வந்து பார்த்தால் பால்கனிக் கொடியில் அவருடைய பெட்ஷீட் தொங்குகிறது. அதிலிருந்து ஒழுகிய தண்ணீர் கீழ்வீட்டு ஜன்னல் வரைக்கும் போய், அந்த அம்மா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மெஷின் பிழியல" என்றார் இவர். "துவைக்குது, அலசுது. கடைசியில சுத்தாம நின்னுடுது."

"நீங்க எதுக்குத் துவைக்கப் போனீங்க?"

"தூசியா இருந்துச்சு."

தூசியாம். சட்டைக் காலர் கறுத்துக் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மனுஷர் சொல்கிறார். என் கையால் துவைத்த விரிப்பில் படுக்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே என் துணிகளைப் போட்டு மெஷினை ஓட்டினேன். ஜம்மென்று சுற்றியது. துணி பாதி காய்ந்தே வெளியில் வந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் கொடியில் சொட்டச் சொட்ட அதே பெட்ஷீட்.

"தரை கோணலா இருக்குமோ?" என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

தெருமுனைக் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கிற ஒல்லி மனிதர். கீழே இருக்கிற ஃபில்டரைக் கழற்றினார். இரண்டு ஊக்கு, ஒரு சட்டைப் பொத்தான், காப்பகத்திலிருந்து என் பையோடு வந்த ஒரு குட்டி சாக்ஸ் எல்லாம் வந்தன. தண்ணீர் போகிற குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெஷின் மேல் வைத்து மட்டம் பார்த்து, ஒரு காலை அரைச் சுற்று திருகினார். ஓட்டிப் பார்த்தோம், சுற்றியது. மூன்றாம் நாள் மறுபடியும் நின்றுவிட்டது என்று இவர் சொல்ல, மெக்கானிக் மறுபடியும் வந்து பின்பக்கத்தைக் கழற்றி பெல்ட்டையும் மோட்டாரையும் பார்த்தார். அன்றைக்கும் என் துணிகளோடு ஒழுங்காகச் சுற்றியது.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லக்கா. உங்க கையில சுத்துது, சார் கையில சுத்தல."

"எனக்கும் அவர்கிட்ட அதே பிரச்சனைதான்" என்றேன். மெக்கானிக் இருமிக்கொண்டார்.

போகும்போது, "அடுத்த தடவை நின்னா எதையும் எடுக்காதீங்க. துணியோட அப்படியே விட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. உள்ள என்ன இருக்குன்னு பார்த்தாத்தான் தெரியும்" என்றார். இதை நான் இவரிடம் இரண்டு தடவை படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாள் வந்து பார்த்தால் மெஷின் காலி, கொடியில் பெட்ஷீட். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போகிறவளை நிம்மதியாகப் போகக்கூட விடமாட்டேன் என்கிறாரே என்று பொருமினேன்.

வெள்ளிக்கிழமை காப்பகத்தில் தண்ணீர் வரவில்லை. ஒன்பது மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். இவர் பால் வாங்கப் போயிருந்தார். மெஷின் பாதியில் நின்று சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஆகா, மாட்டிக்கொண்டாயா என்று தொடாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். பத்து நிமிடத்தில் வந்தார். தண்ணீரை வடித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே அந்தப் பெட்ஷீட் மட்டும் இருந்தது. கனமான பருத்தி. தண்ணீரைக் குடித்துவிட்டு டிரம்மின் ஒரு பக்கத்தில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தது.

"இது ஒண்ணுதானா?" என்று கையை விட்டுத் துழாவினார் மெக்கானிக். "அட, இவ்வளவுதானா விஷயம். கனமான துணியை ஒத்தையாப் போட்டா ஒரே பக்கம் ஒதுங்கிக்கும்கா. அந்தப் பாரத்தோட வேகமாச் சுத்தினா மெஷின் குதிச்சு நடக்க ஆரம்பிச்சுடும். அதான் அதுவே தெரிஞ்சுக்கிட்டு நின்னுடுது. கூட நாலு துணியைப் போடுங்க, பாரம் ரெண்டு பக்கமும் சமமாயிடும், சுத்தும். ஆனா யாராவது தினம் ஒரு பெட்ஷீட்டை மட்டும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன்கா" என்று போய்விட்டார்.

தினம் ஒரு பெட்ஷீட்டை மட்டும் யார் துவைப்பார்கள்? இதை என்னிடமா கேட்பது? பதினோரு வருடமாகக் காப்பகத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு விரிப்பு அலசுகிறவள் நான். முன்னறைக்குப் போய் அவருடைய மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். மேலே ஒரு பழைய துண்டு போட்டிருந்தது. அதைத் தூக்கினால், மழைக்காலத்தில் பணிமனைக்குப் போட்டுக்கொண்டு போவாரே, அந்த மழைக்கோட்டு. தையலைப் பிரித்து, கைகளை வெட்டி, மெத்தைமேல் நீளமாக விரித்து ஓரத்தில் ஊக்கு குத்தி வைத்திருந்தார். சாயங்காலத்துக்குமேல் டீ வேண்டாம் என்றதும், குளியலறைக்குப் பக்கத்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டதும், நான் உட்கார்ந்தால் எழுந்து நின்றதும் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. முழுப் பூசணிக்காயை நாலு மாதம் சோற்றில் மறைத்திருக்கிறார், நானும் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பால் பாக்கெட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மெஷினிலிருந்து எடுத்த ஈரப் பெட்ஷீட் என் மடியில் இருந்தது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"ஆறு மாசம் இப்படி இருக்கும்னாரு டாக்டர். அதுக்குள்ள சரியாயிடும்னு பார்த்தேன். இத்தனை நாள் நீ வர்றதுக்குள்ள கையாலேயே அலசிக் காயவச்சுடுவேன், இடுப்பு வலி தாங்காமத்தான் இப்ப மெஷின்ல போட்டேன்."

"நான் என்ன வேலை பார்க்கிறேன்னு தெரியும்ல? நாள் பூரா இதைத்தானே பண்றேன். எங்கிட்ட என்ன வெட்கம்?"

"அதான்" என்றார். பால் பாக்கெட்டை மேஜைமேல் வைத்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம், வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே நீ சொன்னே. 'காலையிலேர்ந்து மூத்திரத் துணி அலசி அலசி கையே நாறுது, வீட்டுலயாவது அந்த நாத்தம் இல்லாம இருக்கே, அது போதும்'னு. அன்னிக்குக் காலையிலதான் எனக்கு முதல் தடவை."

சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வேன், ஒன்றும் நினைக்காமல் சொல்வேன். அன்று ராத்திரிதான் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; நான் என் வாயால் இவரைக் கெடுத்திருக்கிறேன். காப்பகத்தில் நனைத்துக்கொண்டு விழிக்கிற குழந்தையிடம் "பரவாயில்லடா கண்ணு" என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இவர் முகத்தில் அதே விழிப்பு இருந்தது நாலு மாதமாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்தது, ஆனால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ ஊருக்குப் போனா நல்லதுன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்" என்றார் சுவரிடம். "உனக்காவது நிம்மதி."

நான் எழுந்துபோய் பெட்ஷீட்டை டிரம்மில் போட்டேன். கூடப் போட அழுக்குக்கூடையில் ஒரு துணியும் இல்லை. பீரோ மேலிருந்த பையை இறக்கி ஜிப்பை இழுத்தேன். மூன்று புடவை, இரண்டு துண்டு, மகள் வீட்டில் விரிக்க எடுத்துவைத்த என் பெட்ஷீட், எல்லாவற்றையும் அள்ளி உள்ளே போட்டேன்.

"அதெல்லாம் துவைச்சதாச்சே" என்றார்.

"ஒத்தையாப் போட்டா சுத்தாதாம்."

"ஞாயித்துக்கிழமை கிளம்பறவ, எல்லாத்தையும் நனைச்சுட்டியே."

"ஆமா, நனைச்சுட்டேன்" என்று பட்டனை அழுத்தினேன்.

துவைத்தது, அலசியது. பிழிகிற நேரம் வந்ததும் இரண்டு பேரும் மெஷின் முன்னால் போய் நின்றோம். டிரம் இந்தப் பக்கம் இரண்டு உருளல், அந்தப் பக்கம் இரண்டு உருளல் உருண்டு பார்த்தது. பிறகு வேகம் எடுத்தது. அவர் ஒரு கையை மெஷின் மேல் வைத்து, "இப்ப சரியா ஓடுது" என்றார் டிரைவர் குரலில். நாலு மாதமாக நான் அந்தக் குரலைக் கேட்கவில்லை.

அவர் எடுத்துக் கொடுக்க நான் உதறிக் கொடியில் போட்டேன். எந்தத் துணியும் சொட்டவில்லை. பிறகு முன்னறைக்குப் போய் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு நடந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அந்த மழைக்கோட்டை நீங்க எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். "ரெண்டு பேருக்கு அகலம் பத்துமான்னு பார்ப்போம்."