ஒரு வாரப் பச்சை

“நீ சொல்லுடி, கடலா, மரமா?” என்று அக்கா ஒருநாள் என்னைக் கேட்டாள். வீட்டில் வேறு யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, அவளுடைய கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பவள் நான்; ஆட்டத்தில் அதற்குக் கேடி என்று பெயர். சின்னவள் கேடி வேலை பார்க்கிறாள் என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா கேட்டது மைதானத்தைப் பற்றி. எங்கள் கிளப்புக்கு இரண்டு மைதானங்கள். ஒன்று மரங்களுக்கு நடுவே, மெத்தை போன்ற புல்லோடு இருக்கும். இன்னொன்று, லிங்க்ஸ் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கடலோர மைதானம். அங்கே மரமே கிடையாது. மணல்மேடும் காற்றும் காய்ந்த புல்லும்தான். இளையோர் அணிக்கான தேர்வு இரண்டிலும் ஒரே நாளில் நடக்கும். ஏதாவது ஒன்றில்தான் பெயர் கொடுக்கலாம். ஒவ்வொன்றிலும் முதலில் வருபவருக்கு மட்டும் அணியில் இடம். அடுத்த வருடம் அக்காவுக்கு வயது தாண்டிவிடும்.

கடல் என்றேன். அக்காவின் பந்து உயரே எழும்பாது. தாழ்வாகப் போய், தரையில் விழுந்து, உருண்டு ஓடும். மரங்களுக்கு நடுவே அது கிளையில் அடிபடும். தப்பினாலும் விழுந்த இடத்திலேயே படுத்துவிடும். கடலோரத்திலோ கட்டாந்தரை. குழிக்கு வெகு முன்னாலேயே பந்தைப் போட்டால் மீதி தூரத்தை அதுவே ஓடிக் கடக்கும். அக்காவும் அதைத்தான் நினைத்திருந்தாள். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள்.

அப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. மரங்கள் உள்ள மைதானத்தின் புல் பராமரிப்பு அவர் பொறுப்பு. பிள்ளை மாதிரி வளர்த்த புல்லை விட்டுவிட்டு அந்தச் சொட்டைத்தலைக்குப் போகிறாளே என்று அம்மாவிடம் புலம்பினார். அக்கா காரணம் சொல்லப் போனால், “புல்லைப் பத்தி எனக்கே பாடமா?” என்று எழுந்து போய்விடுவார். கடைசிவரை அவர் அதைக் கேட்கவே இல்லை.

இரண்டு மாதம் கடலோரத்தில் பழகினோம். தேர்வுக்கு முந்தைய வாரம் ஆட்டக்காரர்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது விதி. அந்த வாரம் பார்த்து அங்கிருந்த பராமரிப்பாளர் இடுப்புப் பிடிப்பில் படுத்துவிட, கிளப்பில் அப்பாவை அனுப்பினார்கள். தினமும் நனைந்த சட்டையோடு, விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினார். கோபம் தணிந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

தேர்வு நாளன்று உள்ளே நுழைந்தோம். மைதானம் முழுக்கப் பச்சை.

முதல் குழிக்கு அக்கா பழகியபடியே பந்தை முன்னால் போட்டாள். ஈரத்துணிமேல் எறிந்த சோப்பு மாதிரி அது அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அடுத்ததில் கொஞ்சம் தள்ளிப் போட்டாள்; போதவில்லை. அதற்கடுத்ததில் வேகத்தைக் கூட்டினாள். பந்து கோணிக்கொண்டு மணலுக்குள் போய் விழுந்தது. பந்தை உயரே அடித்து இறக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. பையைத் தூக்குகிறவள் வேறென்ன செய்ய முடியும்? தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கடைசிக் குழியருகே அப்பா தலைவாரி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். புள்ளிப் பலகையில் அக்காவின் பெயர் எங்கே கிடக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

“பாத்தியாம்மா? காஞ்சு கிடந்ததை ஒரே வாரத்துல எப்படி ஆக்கிட்டேன்? யாரும் சொல்லல, உனக்காகத்தான் தண்ணி விட்டேன்.”

அக்கா மட்டையைப் பைக்குள் செருகினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“காஞ்சு கிடக்குன்னுதான்பா அக்கா இங்க வந்தா. பந்து உருளணும்பா.”

“அதுக்கு ரோட்டுலயே ஆடலாமே,” என்றார் அப்பா. குனிந்து புல்லைத் தடவினார். “தொட்டுப் பாரும்மா. எப்படி இருக்குன்னு பாரு.”

அக்கா என் தோளிலிருந்த பையைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டாள். அப்பாவின் ஈரமான விரல்களை ஒரு நொடி பார்த்தாள். பிறகு திரும்பி, வெளிவாசலைப் பார்த்து நடந்தாள்.